பிள்ளைப்பேற்றுத் தட்டும் குலப் பெருமையும்

பதினைந்தாம் நூற்றாண்டு இத்தாலியில் ஓவியம் கோயில்களிலும் அரண்மனைச் சுவர்களிலும் மட்டும் வாழவில்லை; வீட்டுப் பொருள்களிலும் குடியிருந்தது. மணப்பெண்ணின் உடைமைகளை வைக்கும் பேழையும், பிள்ளை பெற்ற தாய்க்கு உணவு ஏந்திச் செல்லும் தட்டும் புராணக் கதைகளாலும் குலச் சின்னங்களாலும் அணிபெற்றன. ஓவிட் முதலிய கவிஞர்களின் கதைகள் பேழைகளில் தீட்டப்பட்டதையும், தலைசிறந்த ஓவியர்களும் அப்பணியை இழிவாகக் கருதாததையும் கலை வரலாற்றாசிரியர் வசாரி எழுதிவைத்துள்ளார்.

இவ்வகைப் படைப்புகளுள் குறிப்பிடத்தக்கது, 1449-ஆம் ஆண்டில் பிளாரன்ஸ் நகரில் லோரென்சோ தே மெடிச்சி பிறந்தபோது செய்விக்கப்பட்ட தட்டு. தந்தை பியரோ; தாய் லுக்ரேசியா தோர்னபுவோனி. வரைந்தவர், புகழ்பெற்ற ஓவியர் மசாச்சோவின் தம்பி ஸ்கெஜ்ஜா. சட்டத்துடன் சேர்த்து ஏறத்தாழ 93 செ.மீ. விட்டமுள்ள இம்மரத்தட்டு, இன்று நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் உள்ளது.

தட்டின் முன்புறத்தில் புகழ்த் தெய்வம் ஒரு கையில் வாளும் மறு கையில் சிறகு முளைத்த காமதேவனும் ஏந்தி நிற்கிறாள். வீரத்தாலும் காதலாலும் புகழ் வரும் என்பது கருத்து. சிறகுள்ள எக்காளங்கள் முழங்குகின்றன. சூழ நிற்கும் குதிரை வீரர்கள் கைநீட்டிப் பணிவு காட்டுகின்றனர். அவள் காலடியிலோ கைதிகள் கட்டுண்டு கிடக்கின்றனர். புகழுக்கு விலை கொடுத்தவர்கள் அவர்கள். ஓவியர் அவர்களை மறைக்கவில்லை.

பின்புறத்தில் கதை இல்லை. வைர மோதிரம், மூன்று தீக்கோழி இறகுகள், ‘எப்போதும்’ எனப் பொருள்படும் இலத்தீன் சொல் ஆகியவை பியரோவின் சின்னமாக விளங்குகின்றன. மேலே ஒருபுறம் மெடிச்சி குலச் சின்னம். மறுபுறம் தோர்னபுவோனி குலச் சின்னம். இவற்றை வெறும் அலங்காரம் என ஒதுக்குவது பிழை. முன்புறத்துப் புகழ் பொதுவானது. அதற்கு உரிமையாளர் யார் என்பதைப் பின்புறமே அறிவிக்கிறது.

பிள்ளைப்பேற்றைப் போற்ற எழுந்த இத்தட்டில் தாயைக் காணோம் என்பதே நம் சிந்தனைக்கு உரியது. பெர்லினில் உள்ள, மசாச்சோவின் கைவண்ணம் எனக் கருதப்படும் தட்டில் பேறு நிகழ்ந்த அறையும், கட்டிலில் தாயும், காண வரும் பெண்களும் உள்ளனர். மெடிச்சித் தட்டிலோ லுக்ரேசியா, பிறந்த குலத்தின் சின்னமாக மட்டுமே இடம்பெறுகிறார். கவிதை இயற்றும் ஆற்றல் வாய்ந்த அப்பெண்மணி, இரு குலங்களை இணைக்கும் கண்ணியாகச் சுருங்கிவிடுகிறார். ஓவியரின் கைத்திறன் குறைவுடையதன்று. வரைவித்தவர் நோக்கம் அத்தகையது.

லோரென்சோ 1492-இல் மறையும்வரை இத்தட்டைத் தம் அறையிலேயே வைத்திருந்தார். 1494-இல் மெடிச்சியர் நகரைவிட்டு விரட்டப்பட்டனர், அவர்தம் உடைமைகள் விலைபோயின, தட்டும் கைமாறியது. ‘எப்போதும்’ என்ற சொல் அரை நூற்றாண்டுகூட நிலைக்கவில்லை. பின்னர் அக்குலம் ஆட்சிக்கு மீண்டது உண்மையே. எனினும், அன்றைய வீழ்ச்சியைத் தட்டின் வரலாறு சொல்லாமல் சொல்கிறது.

புகழ் பாடும் படைப்பை ஆராயும் மாணவர், அது யாரைப் பாடுகிறது என்று கேட்டவுடன் நின்றுவிடலாகாது. யாரைப் பாடாமல் விட்டது என்றும் கேட்டல் வேண்டும். அவ்வினாவுக்கு விடை காண, தட்டின் இருபுறமும் திருப்பிப் பார்த்தல் இன்றியமையாதது.