சட்டியும் கிதாரும்

சங்கீதத்தைப் பற்றி எழுத உமக்கு என்ன யோக்கியதை என்று நண்பர் ஒருவர் கேட்டார். கர்நாடக சங்கீதமானால் எனக்கு ஒரு யோக்கியதையும் கிடையாது. கானாவைப் பற்றி எழுத மட்டும் உண்டு. நான் கல்மண்டபத்தில் பிறந்து வளர்ந்தவன். இன்னொரு யோக்கியதையும் இருக்கிறது. அந்தக் கானாவுக்கு நான் ஒருமுறை துரோகம் செய்திருக்கிறேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

கானா என்பது இந்துஸ்தானிச் சொல். பாட்டு என்று பொருள். வட சென்னையில் அந்தச் சொல்லுக்குத் தனி வாழ்வு வந்துவிட்டது. துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர்கள், ரிக்ஷா இழுத்தவர்கள், காசிமேட்டில் வலை இழுத்தவர்கள் ஆகியோரின் பாட்டு அது. சாவு வீட்டில் பிணத்தை வைத்துக்கொண்டு விடிய விடியப் பாடுவார்கள். வாத்தியம் என்று பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு சட்டி, ஒரு கட்ட மோளம், அதுவும் இல்லாவிட்டால் தீப்பெட்டி. குணங்குடி மஸ்தான் சாகிபின் பாடல்களைத் தங்கள் பாட்டுக்கு மூலமாகச் சொல்லும் கானா பாடகர்கள் உண்டு. அவர் அடக்கமானது இந்தப் பக்கத்தில்தான். தொண்டியிலிருந்து வந்தவர் என்பதால் அவரைத் தொண்டியார் என்றார்கள், அதனால்தான் தண்டையார்பேட்டை என்ற பேரே வந்தது என்று சொல்வதுண்டு. சாவு வீட்டுத் திண்ணையில் ஒரு சூஃபி ஞானியும் கண்ணுக்குத் தெரியாமல் உட்கார்ந்திருக்கிறார் என்று இதற்கு அர்த்தம்.

இந்தப் பாட்டை மேல்நாட்டு ராக், ராப் இசையோடு கலந்து 2018-ல் 'மகிழ்ச்சி' என்ற தொகுப்பை வெளியிட்டார்கள். வெளியிட்ட குழுவின் பெயர் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்'. திரைப்பட இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய குழு இது. பெயர் இங்கிலீஷில் இருந்தாலும் வேர் இங்கேதான் இருக்கிறது. அயோத்திதாசப் பண்டிதர் கையாண்ட 'சாதிபேதமற்ற' என்ற சொல்லை ஒட்டி வைத்த பெயர் அது. 2018 ஜனவரி 6-ந் தேதி கீழ்ப்பாக்கத்தில் ஒரு பள்ளி மைதானத்தில் 19 பேர் ஒரே மாதிரி உடையில் மேடையேறினார்கள். சட்டியும் கட்ட மோளமும் கிதாருக்கும் டிரம்ஸுக்கும் சமமாக நின்றன. ஓரத்தில் உட்காரவில்லை.

கலப்படம் என்று இதைச் சிலர் முகம் சுளித்தார்கள். அவர்களுக்கு ஒரு கதை சொல்ல விரும்புகிறேன். 1954-ல் லண்டனில் லோனி டோனகன் என்ற பாடகர், அமெரிக்கச் சிறைக் கைதிகள் பாடிக்கொண்டிருந்த ஒரு ரயில் பாட்டை எடுத்துத் தம் பாணியில் பாடினார். 'ஸ்கிஃபிள்' என்று பெயர் பெற்ற அந்த இசைக்கு வேண்டிய வாத்தியங்கள் என்ன தெரியுமா? ஒரு கிதார், துணி துவைக்கும் தகரப் பலகை ஒன்று, ஒரு தேயிலைப் பெட்டி. பெட்டியில் கழியை நட்டு, கயிற்றைக் கட்டி, அதையே மந்தர ஸ்தாயிக்கு வைத்துக்கொண்டார்கள். நம் நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் தேயிலை கப்பலேறிய மாதிரிப் பெட்டிதான் அது. இங்கே சட்டி, அங்கே பெட்டி. லிவர்பூல் துறைமுகத்தில் சில பையன்கள் அதைக் கேட்டு ஒரு ஸ்கிஃபிள் குழு அமைத்தார்கள். பின்னால் அவர்களைத்தான் உலகம் பீட்டில்ஸ் என்று அறிந்தது. துறைமுகத்து ஜனங்களுக்குக் கலப்பு புதிய விஷயம் அல்ல. அவர்கள் பேசும் பாஷையே அப்படிக் கலந்து வந்ததுதானே!

ஆகவே கலந்தது குற்றமல்ல. கலந்ததில் என்ன மிஞ்சியது என்பதுதான் கேள்வி.

மிஞ்சியவற்றில் முதலாவது குரல். இந்தக் குழுவில் பாடும் இசைவாணி ராயபுரத்தில் வளர்ந்த பெண். ஆண்களே பாடிவந்த கானாவைப் பாடத் துணிந்தவர். 2020-ல் பி.பி.சி. வெளியிட்ட நூறு பெண்கள் பட்டியலில் இடம் பெற்றார். அந்தக் கௌரவத்துக்காக நான் அவரைப் பாராட்டவில்லை. எங்கள் தெருக் குழாயடியில் கேட்கிற உச்சரிப்பை அவர் ஒலிவாங்கிக்கு முன்னால் மாற்றிக்கொள்ளவில்லை, அதற்காகப் பாராட்டுகிறேன். சினிமா இந்த உச்சரிப்பை எத்தனை காலம் கோமாளிக்கும் ரௌடிக்கும் மட்டுமே கொடுத்துவந்தது! அதே உச்சரிப்பில் இடஒதுக்கீட்டின் நியாயத்தை ஒருவர் வாதாடிப் பாடும்போது சிரிக்க வந்தவன் வாயை மூடிக்கொள்கிறான். இது சாதாரணக் காரியமல்ல.

குறையையும் சொல்லவேண்டும். சாவு வீட்டில் பாடுகிறவர் அவசரப்பட மாட்டார். குரலை இழுப்பார், நிறுத்துவார், அழுகிறவர்கள் அழுது ஓயட்டும் என்று காத்திருந்து அடுத்த அடியை எடுப்பார். அந்தக் காத்திருப்பில்தான் பாட்டின் உயிர் இருக்கிறது. கிதாரும் டிரம்ஸும் காத்திருக்கச் சம்மதிப்பதில்லை. அவற்றுக்குக் கணக்கு முக்கியம். இதனால் பல இடங்களில் பாடகர் தாளத்தைத் துரத்திக்கொண்டு ஓடுகிறார். இன்னொன்று, சில பாட்டுகள் பொதுக்கூட்டத் தீர்மானம் போல முடிந்துவிடுகின்றன. தீர்மானத்தில் எனக்கு ஆட்சேபணை கிடையாது. அதில் ஒரு ஆளின் முகம் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

இனி என் துரோகம். என் தகப்பனார் துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர். அவர் இறந்த அன்று சாயங்காலம், எங்கள் தெருவில் கானா பாடுகிற பெரியவர் சட்டியோடு வாசலுக்கு வந்தார். யாரும் அழைக்கவில்லை. அழைக்காமல் வருவதுதான் அங்கே மரியாதை. நான் அப்போதுதான் இரண்டு நாவல்கள் எழுதி, நாலு பேருக்குத் தெரிந்தவனாக ஆகியிருந்தேன். பட்டணத்துப் பத்திரிகைக்காரர்கள் மாலையோடு வருவதாகச் சொல்லியிருந்தார்கள். நான் கையை நீட்டித் தடுத்து, "இன்னிக்கு வேணாம் பெரியப்பா" என்றேன். அவர் என்னையே பார்த்தார். "சர்தாம்பா, உன் இஸ்டம்" என்று சொல்லிவிட்டு எதிர்ச் சாரியில் மூடிக் கிடந்த கடை வாசலில் போய் உட்கார்ந்தார். விடியும் வரை அங்கேயே இருந்தார். சட்டியில் கை வைக்கவே இல்லை.

'மகிழ்ச்சி' வெளிவந்த பிறகு ஒருநாள், கல்மண்டபம் மார்க்கெட் பக்கத்து டீக்கடையில் அந்தப் பெரியவருக்கு என் செல்போனில் அந்தப் பாட்டுகளைப் போட்டுக் காட்டினேன். என்னை மன்னித்துவிட்டேன் என்று அவர் சொல்லக் கேட்க வேண்டும் என்பதுதான் என் உள்ளெண்ணம் என்று இப்போது தோன்றுகிறது. அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பெஞ்சில் விரலால் தட்டினார். இசைவாணியின் குரல் வந்தபோது, "பொண்ணு சோக்கா பாடுது" என்றார். முடிந்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "அல்லாம் நல்லாத்தான் கீது தம்பி. செத்தவன் பேரு எங்க?"

எனக்கு உடனே பதில் வரவில்லை. இதைவிடக் கறாரான விமரிசனத்தை நான் எந்தப் பத்திரிகையிலும் படித்ததில்லை. கானாவில் செத்தவனின் பேர் வரும், அவன் பெண்டாட்டி பிள்ளைகள் பேர் வரும், அவன் செய்த உபகாரமும் குடித்த குடியும்கூட வரும். ஊரில் யாருமே பேர் சொல்லிக் கூப்பிடாத ஒருவனை ஓர் இரவு முழுவதும் பேர் சொல்லி அழைக்கிற பாட்டு அது. தொகுப்பில் அதற்கு இடமில்லை. அது கூட்டத்தைப் பார்த்துப் பாடுகிறது.

ஆனாலும் பெரியவரோடு நான் முழுக்க உடன்படவில்லை. சாவு வீட்டுப் பாட்டு ஒரு மனிதனை வழியனுப்புகிறது, இந்தத் தொகுப்பு மிச்சமிருப்பவர்களை நிமிர்ந்து நிற்கச் சொல்கிறது. ஒன்று இன்னொன்றின் வேலையைச் செய்யாது. என் தகப்பனாருக்கு வரவேண்டிய பாட்டு இன்னும் பாக்கியாகவே இருக்கிறது. கிதார் வைத்து அதைத் தீர்க்க முடியாது. ஆனால் படித்து நாலு பேருக்குத் தெரிந்தவனாகிவிட்ட இன்னொரு பிள்ளை, நாளை தன் வீட்டு வாசலில் சட்டியோடு வந்து நிற்கிறவரைக் கண்டு வெட்கப்படாமல் உள்ளே அழைப்பான் என்றால், அதில் இந்த 19 பேருக்கும் பங்கு உண்டு. அந்த நம்பிக்கையில்தான் இந்தத் தொகுப்பைக் கேளுங்கள் என்று வாசகர்களுக்குச் சொல்கிறேன்.