மீநாயகனின் ஆயுளும் தங்கவயலின் நினைவும்

திரையில் உலவும் மீநாயகர்களின் செல்வாக்கு என்றேனும் மங்குமா என்னும் வினா அண்மைக்காலத்தில் பலராலும் எழுப்பப்படுகிறது. குதிரைவீரர்களைப் பற்றிய 'வெஸ்டர்ன்' படங்கள் மறைந்தது போலவே 'சூப்பர் ஹீரோ' படங்களும் ஒருநாள் மறையும் என 2015இல் இயக்குநர் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் கருத்துரைத்தார். 2019இல் 'அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்' ஏறத்தாழ 280 கோடி டாலர் ஈட்டியபோது அக்கணிப்புப் பொய்த்ததாகத் தோன்றியது. 2023இல் 'தி மார்வெல்ஸ்' அந்நிறுவன வரிசையிலேயே மிகக் குறைந்த வசூலைப் பெற்றபோது மெய்யாகத் தோன்றியது. அடுத்த ஆண்டே 'டெட்பூல் அண்ட் வுல்வரின்' 130 கோடி டாலரைக் கடக்க, மீண்டும் பொய்த்தது. வசூல் கணக்கைக் கொண்டு ஒரு கதைவகையின் ஆயுளைக் கணிக்க இயலாது என்பதற்கு இவ்வூசலாட்டமே சான்று. அவ்வகை எதை உண்டு வாழ்கிறது என்று கேட்பதே பயனுடையதாகும். அதற்குக் கோலார் தங்கவயலைக் களமாகக் கொண்டு பிரசாந்த் நீல் இயக்கிய 'கே.ஜி.எஃப்' படங்களின் இரு பாகங்கள் (2018, 2022) இக்கட்டுரையில் எடுத்துக்கொள்ளப்படுகின்றன.

இப்படங்களின் நாயகன் ராக்கி முகமூடி அணிபவனல்லன், வானில் பறப்பவனுமல்லன். ஆயினும் ஒருவனாக நின்று ஒரு படையை வீழ்த்துகிறான். இயற்பியல் விதிகள் அவனைக் கட்டுப்படுத்துவதில்லை. தம்மைத் தாமே காத்துக்கொள்ள இயலாதவராகக் காட்டப்படும் மக்கள் அவனுக்காகக் காத்திருக்கின்றனர். இம்மூன்றும் மீநாயகக் கதையின் அடிப்படைக் கூறுகள். ஆடை மட்டுமே வேறு. இரண்டாம் பாகம் ஆயிரம் கோடி ரூபாய்க்கும் மேல் ஈட்டியதற்கும் இதுவே காரணம் எனலாம்.

படமும் ஊரும்

நாயகன் பிறந்த 1951ஆம் ஆண்டின் இரவிலேயே அவ்வயலில் தங்கம் கண்டறியப்படுவதாகக் கதை தொடங்குகிறது. வரலாறு வேறு. ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனம் இங்குச் சுரங்கம் அகழத் தொடங்கியது 1880இல். 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது. 1956இல் மைசூர் அரசு சுரங்கங்களை ஏற்றது. பின்னர் அவை நடுவண் அரசின் பாரத் தங்கச் சுரங்க நிறுவனமாயின. மூவாயிரம் மீட்டருக்கும் கீழே இறங்கிய இச்சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28இல் மூடப்பட்டன. வட ஆர்க்காட்டிலிருந்தும் சித்தூர்ப் பகுதியிலிருந்தும் வந்து லைன் வீடுகளில் குடியமர்ந்த தலித் தமிழர்களே இவ்வுழைப்பின் பெரும்பகுதியை ஈந்தவர்கள்.

புனைவு வரலாற்றைப் பின்பற்ற வேண்டும் என்பது நம் வாதமன்று. எதை நீக்கினால் மீநாயகனுக்கு இடம் கிடைக்கிறது என்பதே நோக்கத்தக்கது. படத்தின் நாராச்சியில் இருப்போர் கடத்திக் கொணரப்பட்ட அடிமைகள். எழுத்தோ சங்கமோ கூட்டமோ அவர்களிடம் இல்லை. அச்சம் மட்டுமே உண்டு. உண்மையான தங்கவயலிலோ, தொழிலாளரின் கைரேகையைப் பதிவு செய்ய நிர்வாகம் முற்பட்டபோது 1930இல் பெரும் வேலைநிறுத்தம் எழுந்தது. ஜானகி நாயரின் 'மைனர்ஸ் அண்ட் மில்ஹேண்ட்ஸ்' (1998) என்னும் நூல் அதனை விரிவாக ஆராய்கிறது. அயோத்திதாசப் பண்டிதரின் பௌத்த இயக்கம் மாரிகுப்பத்தில் வேர்கொண்டது. அவர் மறைவுக்குப் பின் 'தமிழன்' இதழை ஜி. அப்பாதுரையார் இங்கிருந்தே மீண்டும் நடத்தினார். பண்டிதரின் நூல்களைச் சித்தார்த்தா புத்தகசாலை இங்கிருந்து வெளியிட்டது. பகலில் நிலத்தடியில் இருந்தவர்கள் இரவில் அச்சுப்படி திருத்திய ஊர் இது. தம் விரல்ரேகையைத் தர மறுத்தவர்களையும் தம் கருத்தைத் தாமே அச்சிட்டவர்களையும் கதைக்குள் அனுமதித்தால் ராக்கி செய்வதற்கு எதுவும் எஞ்சாது. ஆகவே ஊர் முதலில் வெறுமையாக்கப்படுகிறது. பின்னர் நாயகன் வருகிறான்.

நாராச்சி தங்கவயலில் எந்தப் பக்கம் உள்ளது என்று முதுகலை மாணவர் ஒருவர் வகுப்பில் வினவினார். நகைப்புக்காக இதனைக் குறிப்பிடவில்லை. அம்மாணவருக்கு ஊரைத் தெரியாது, படத்தைத் தெரியும்.

வாளும் வள்ளமும்

ஒரு நாயக வகை மங்குவது தமிழ்த் திரைக்குப் புதிதன்று. 'மந்திரி குமாரி' (1950), 'நாடோடி மன்னன்' (1958), 'ஆயிரத்தில் ஒருவன்' (1965) எனத் தொடர்ந்த அரசகதைகள் பின்னர் அருகின. நாயகன் மறைந்தானில்லை, வாளை வைத்துவிட்டு 'படகோட்டி' (1964), 'விவசாயி' (1967), 'ரிக்‌ஷாக்காரன்' (1971) என ஒரு தொழிலை ஏற்றான். இம்மாற்றத்தின் அரசியலை எம்.எஸ்.எஸ். பாண்டியன் தம் 'தி இமேஜ் டிராப்' (1992) நூலில் கடுமையாகவே திறனாய்ந்துள்ளார். அத்திறனாய்வை ஏற்கும்போதும் ஒன்றை மறுக்க இயலாது. அந்நாயகன் அடையாளத்துக்கேனும் துடுப்பைப் பிடித்தான், வண்டி இழுத்தான். பார்த்தவர் தம் தொழிலைத் திரையில் கண்டனர். கர்நாடகத்தில் இருந்தும் அ.இ.அ.தி.மு.க. உறுப்பினரை ஒருமுறைக்கு மேல் சட்டமன்றத்துக்கு அனுப்பிய தங்கவயலில் அவ்வீர்ப்பின் வலிமையை எவரும் உணரலாம்.

ராக்கியும் சுரங்கத்துள் உழைப்பாளியாக நுழைகிறான். ஆனால் கருடனைக் கொல்லுதற்கான மாறுவேடமே அவ்வுழைப்பு. பாறைவெடிப்பும் நுரையீரலில் படியும் சிலிக்காத் தூசும் தங்கவயல் தொழிலாளியை மெல்லவும் திடீரெனவும் கொன்றவை. மீநாயகனால் அவற்றோடு சண்டையிட முடியாது. அவனுக்கு முகமுள்ள பகைவன் தேவை.

நடுகல்லும் தொடர்படமும்

மீநாயகப் படங்களின் தளர்ச்சிக்கு மிகைவரவும் கதைச் சலிப்பும் காரணங்களாகக் கூறப்படுகின்றன. அவை மேலோட்டமானவை. சாவு மதிப்பிழந்தமையே அடிப்படைக் காரணம் என்பது இக்கட்டுரையாளரின் துணிபு.

நடுகல் வழிபாட்டைத் தொல்காப்பியம் காட்சி முதல் வாழ்த்து வரை ஆறு நிலைகளாக வகுக்கிறது. செங்கம் நடுகற்களைத் தமிழ் ஆய்வுலகம் நன்கறியும். கோலார் மாவட்டமும் வீரகற்களுக்குக் குறைந்ததன்று. 1905இல் லூயிஸ் ரைஸ் பதிப்பித்த 'எபிகிராபியா கர்னாடிகா' பத்தாம் தொகுதியில் அவற்றைக் காணலாம். ஆநிரை மீட்டோ ஊரைக் காத்தோ மாண்டவனுக்கே அக்கல் நடப்பட்டது. அவன் திரும்பி வரமாட்டான் என்ற உறுதியின் மேல்தான் அது நிற்கிறது. ஆயிரம் ஆண்டு கடந்தும் வீரவணக்கம் நிலைத்தமைக்கு இவ்வுறுதியே அடித்தளம்.

தொடர்படத்திற்கோ சாவு ஓர் இடையூறு. 'லோகன்' (2017) படத்தில் மாண்ட வுல்வரின் 2024இல் வேறோர் அண்டத்திலிருந்து வருகிறான். 'எண்ட்கேம்' இறுதியில் அயர்ன் மேனாக மடிந்து உலகெங்கும் கண்ணீர் வரவழைத்த ராபர்ட் டௌனி ஜூனியர், டாக்டர் டூமாகத் திரும்புவார் என 2024இல் அறிவிக்கப்பட்டது. ராக்கியும் தன் பொன்னோடு கடலில் அமிழ்கிறான். துயர் முற்றுப்பெறும் முன்பே மூன்றாம் பாகத்தின் கையெழுத்துப்படி திரையில் காட்டப்படுகிறது. அழுதவர் ஏமாளியாகிறார். ஒருமுறை ஏமாந்தவர் அடுத்த சாவுக்கு அழமாட்டார். அழாதவர் அஞ்சவும் மாட்டார். அச்சம் நீங்கிய இடத்தில் மறத்துக்கு என்ன பொருள்?

இவ்வகை முற்றிலும் பட்டுவிடும் என்று இதற்குப் பொருளில்லை. 1972இல் முத்து காமிக்ஸின் 'இரும்புக்கை மாயாவி'யைக் கையிலெடுத்த சிறார் தலைமுறை அயல்நாட்டு மாயாவியையே தம்மூரானாக ஏற்றது. 'முகமூடி' (2012) அத்தகைய ஏற்பைப் பெறவில்லை. 'மின்னல் முரளி'யில் (2021) ஒரு தையற்காரன் மீது மின்னல் விழுந்தது. 'மாவீரன்' (2023) படத்தில் விரிசல் விட்ட அடுக்குமாடிக் குடியிருப்பில் ஓர் அச்சமுற்ற ஓவியன் குரல் கேட்டான். இவ்விரண்டும் விரும்பப்பட்டன. இவற்றில் ஊர் நாயகனுக்கு முன்பே இருக்கிறது. அவன் இல்லாவிடினும் அங்குச் சிக்கல் உண்டு, பேச்சு உண்டு, நகைச்சுவையும் உண்டு.

தங்கவயலின் முன்கதையைச் சொல்ல முனைந்த பா. இரஞ்சித்தின் 'தங்கலான்' (2024) இவ்வகையில் தனித்து நோக்கத்தக்கது. பொன் தேடிச் செல்வோர் யார், அவர்களின் சாதி என்ன, நிலம் எவருடையது என்னும் வினாக்களை அது எழுப்புகிறது. முன்னைய படங்கள் மறைத்தவற்றை மீட்கிறது. எனினும் ஆரத்தி என்னும் மாயப் பெண்ணின்றி அதனால் நகர இயலவில்லை. நாயகனும் இறுதியில் மனித எல்லையைக் கடக்கிறான். இதனைக் குறையென்று மட்டும் கொள்ளல் ஆகாது. ஆவணங்களில் பெயரின்றிப் போனவர்களுக்குத் தொன்மமே சில வேளைகளில் பெயர் தருகிறது. ஆனால் வேலைநிறுத்தமும் அச்சகமும் நிகழ்ந்த இருபதாம் நூற்றாண்டுத் தங்கவயல் அப்படத்தின் கால எல்லைக்கு வெளியே நிற்கிறது. அது இன்னும் திரைக்கு வரவில்லை.

அத்தங்கவயலை எழுதுவோர்க்கு வேண்டிய மூலங்கள் இரண்டிடத்து உள்ளன. ஒன்று, சித்தார்த்தா புத்தகசாலை வெளியீடுகள். மற்றொன்று, சுரங்கத்தில் இறங்கியவர்களின் நினைவு. 2001இல் பணியிழந்தவர்களில் இளையோரும் இன்று நாற்பதைக் கடந்தவர்கள். அவர்களின் வாய்மொழியைத் தொகுப்பது உடனடியாக மேற்கொள்ள வேண்டிய தனி ஆய்வுக்குரியது.