சங்கிலியில் தெரியும் கனம்

நிஜ டைகர் டாங்கியின் எடை 57 டன். அதையே 35-இல் ஒரு பங்காகச் சுருக்கிய பிளாஸ்டிக் மாதிரியை ஒரு கையால் தூக்கிவிடலாம். இல்லாத அந்தக் கனத்தைக் கண்ணுக்குக் காட்டுவதில்தான் மாதிரிக் கலைஞரின் திறமை இருக்கிறது.

1/35 என்ற அளவு பிறந்தது ஜப்பானின் ஷிஸுவோகாவில். 1960-களின் தொடக்கத்தில் டாமியா நிறுவனம் பாந்தர் டாங்கியை வெளியிட்டபோது, உள்ளே மோட்டாரும் பேட்டரியும் அடங்குவதற்காக அமைந்த அளவு அது. பிறகு உலகமே அதை ஏற்றுக்கொண்டது.

வண்ணத்தில் பல பள்ளிகள் உண்டு. அமெரிக்கரான ஷெப்பர்ட் பெயின், டாங்கியை ஒரு காட்சியின் நடுவே நிறுத்திக் கதை சொல்ல வைத்தார். பெல்ஜியத்தின் பிரான்சுவா வெர்லிண்டன் வழி வேறு: நீர்த்த கருஞ்சாயத்தை இடுக்குகளில் ஓடவிடுவார், சாயத்தைத் துடைத்தெடுத்த உலர்ந்த தூரிகையால் விளிம்புகளை வருடி வெளிச்சம் ஏற்றுவார். 1980-களில் அதுவே பலருக்கும் பாலபாடம். அடுத்து வந்தது ஸ்பானியப் பள்ளி. மேற்பரப்பு வெளிறி, கீழே போகப் போக இருண்டு, ஒவ்வொரு தகடும் தனித்துத் தெரிய வேண்டும் என்பது அதன் இலக்கணம். அந்நாட்டின் மிக் ஹிமெனெஸ், புழுதிக்கும் துருவுக்கும் நிறமித் தூளைப் பரவலாக்கினார்.

பள்ளி எதுவானாலும், சங்கிலிப் பட்டையில் தப்பு வந்தால் மொத்தமும் கெடும்.

டைகரில் பட்டையின் மேற்பகுதியைத் தாங்கத் தனி உருளைகள் இல்லை. அது தொய்ந்து சக்கரங்களின் மேலேயே படுக்கும். ஷெர்மன் டாங்கியில் உருளைகள் உண்டு; அங்கே அத்தனை தொய்வு பிழை. வளையும் வினைல் பட்டையில் இந்தத் தொய்வு எளிதில் வராது. ஹங்கேரியின் ஃப்ரியுல்மாடல் நிறுவனம் பட்டையை வெள்ளை உலோகக் கண்ணிகளாகத் தருகிறது. டைகருக்குப் பக்கத்துக்கு 96 கண்ணி. ஒவ்வொன்றின் துளையையும் மெல்லிய துரப்பணத்தால் சுத்தம் செய்து, கம்பி நுழைத்து, நறுக்கி, நுனியில் ஒரு துளி பசை வைக்க வேண்டும். மாலை முழுக்க உட்கார்ந்தாலும் ஒரு பக்கம் முடிவது அரிது. ஆனால் கோத்த பட்டை தன் எடையிலேயே தொய்ந்து படியும்.

பிறகு கறுப்பாக்கும் திரவத்தில் ஊறவைத்து, தரையில் உரசும் மேடுகளை மட்டும் தேய்த்தால் உள்ளிருக்கும் உலோகமே பளபளக்கும். ரப்பர்த் திண்டு பதித்த ஷெர்மன் பட்டைக்கு இது பொருந்தாது. அங்கே ரப்பர் மங்கலாகவே இருக்க வேண்டும். கண்ணிகளைப் பிணைக்கும் இரும்புக் கொக்கிகளில்தான் மினுப்பு.

போட்டிகளில் மாதிரிகளை மதிப்பிடும் முறையிலும் இரண்டு வழிகள். 1963-இல் பிரிட்டனில் தொடங்கிய மாதிரிக் கலைஞர்களின் ஐ.பி.எம்.எஸ். அமைப்பின் அமெரிக்கக் கிளை, ஒன்றோடொன்று ஒப்பிட்டு முதல் மூன்று இடங்களைத் தரும் முறையால் அறியப்பட்டது. கவச வாகனங்களுக்கென்றே உள்ள ஆம்ப்ஸ் சங்கமோ ஒவ்வொரு மாதிரியையும் வகுத்த தரத்தோடு மட்டும் ஒப்பிடும். தகுதி இருந்தால் எத்தனை பேருக்கும் தங்கம்.

எந்த அரங்கிலும் நடுவர் முதலில் மேசை மட்டத்துக்குக் குனிகிறார். கைவிளக்கை அடித்து, சக்கரத்துக்கும் பட்டைக்கும் இடையே வெளிச்சம் கசிகிறதா என்று பார்க்கிறார். வண்ணத்தைப் பார்ப்பது நிமிர்ந்த பிறகுதான்.