உயர்நிலைப் பள்ளித் தமிழும் பாடத்திட்ட மாற்றமும்

பாடத்திட்டம் மாறுங்கால் பள்ளி எதனைப் பின்பற்றித் தானும் மாறுகின்றது என்பது நம் ஆராய்ச்சியாளரால் போதிய அளவு எண்ணப்படாத வினா. ஆணையைப் பின்பற்றுகின்றது என்பர் ஆட்சித் துறையினர். புதிய நூலைப் பின்பற்றுகின்றது என்பர் நூலாக்கக் குழுவினர். அது பின்பற்றுவது தேர்வுத்தாளையே என்பது நம் கருத்து. அதனைத் தமிழ்ப்பாடத்தின் அளவில் ஈண்டு ஆராய்வாம்.

டி. எஸ். கோத்தாரி தலைமையில் 1964 முதல் 1966 வரை பணியாற்றிய கல்விக்குழு, பத்து, இரண்டு, மூன்று ஆண்டுகள் என நாடு முழுமைக்கும் ஒரே அமைப்பினைப் பரிந்துரைத்தது. 1968ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக்கொள்கை அதனை ஏற்றது. தமிழ்நாட்டில் அஃது 1978இல் நடைமுறைக்கு வந்தது. பதினோராண்டுப் பள்ளிப்படிப்பும் கல்லூரிப் புகுமுக வகுப்பும் மறைந்தன. மேனிலை வகுப்புகள் தோன்றின. அதுவரை கல்லூரியில் பேராசிரியர் நடத்திய புகுமுகத் தமிழின் இடத்தைப் பள்ளி ஆசிரியர் நடத்தும் பாடம் பெற்றது. 1980இல் முதல் மேனிலைத் தேர்வு நடந்தது. படிப்பு ஈராண்டு, அரசுத்தேர்வோ இரண்டாம் ஆண்டின் இறுதியில் மட்டும். இவ்வமைப்பில் இருந்த இடைவெளியைப் பள்ளிகள் விரைவிற் கண்டுகொண்டன. பதினோராம் வகுப்பு நூலைப் பெயரளவிற் புரட்டிவிட்டுப் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே ஈராண்டும் நடத்தும் பழக்கம் தனியார் பள்ளிகள் பலவற்றில் வேரூன்றியது. எவரும் விலக்காமலே ஓராண்டுப் பாடத்திட்டம் வழக்கொழிந்தது. 2017-18ஆம் கல்வியாண்டில் பதினோராம் வகுப்பிற்கும் அரசுத்தேர்வு விதிக்கப்பட்டது இதன் பொருட்டே. அத்தேர்வு இனி இல்லை என 2025இல் மாநிலக் கல்விக்கொள்கையோடு அறிவிக்கப்பட்டது. மாணவர் சுமையைக் கருதிய இவ்வறிவிப்பில் நியாயம் உண்டு. ஆயினும் பழைய நோயின் காரணம் நீங்கிற்றா என வினவாமல் மருந்தை மட்டும் நிறுத்துதல் பொருந்துமா?

இனி நூல்களுக்கு வருவோம். பாடநூலையும் மனப்பாடத்தையும் கடந்து கல்வி மாணவனின் வாழ்வோடு இணைய வேண்டும் என்று 2005ஆம் ஆண்டுத் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பு கூறிற்று. அந்நோக்கின் சாயலைத் தமிழ்நாட்டில் 2018, 2019ஆம் ஆண்டுகளில் வெளிவந்த நூல்களிற் காணலாம். பத்தாம் வகுப்புத் தமிழ்நூலை எடுத்துக்கொள்வோம். செய்யுள், உரைநடை, துணைப்பாடம், இலக்கணம் ஆகிய நான்கும் தனித்தனிப் பகுதிகளாக நில்லாமல், ஒரு பொருள் பற்றிய இயலுக்குள் ஒருங்கே வைக்கப்பட்டுள்ளன. இரண்டாம் இயலின் பொருள் இயற்கை. காற்று தன் கதையைத் தானே கூறும் உரைநடை, பாரதியாரின் காற்றைப் பற்றிய வசனகவிதை, கார்காலத்து மழையைக் காட்டும் முல்லைப்பாட்டு, ப. சிங்காரத்தின் புதினத்தில் கடற்புயல் வரும் பகுதி என்பன அதில் அடுத்தடுத்து அமைந்துள்ளன. காற்று, மழை, புயல் என ஒரே பொருள் நால்வகை நடையில் மாணவன்முன் நிற்கின்றது. இத்தகைய தொகுப்பைப் பள்ளித் தமிழ்நூலில் நாம் அரிதாகவே கண்டுள்ளோம். தொகுத்தோர் பாராட்டிற்கு உரியர்.

இலக்கணம் இவ்வமைப்பிற்கு முழுதும் இசையவில்லை. எழுத்து, சொல்லில் தொடங்கித் தொகைநிலை, தொகாநிலை, அகம், புறம், யாப்பு, அணி எனப் பழைய ஐந்திலக்கண வரிசையிலேயே அஃது இயல்தோறும் செல்கின்றது. நாட்டையும் அரசையும் பற்றிய ஏழாம் இயலிற் புறப்பொருள் இலக்கணம் வருவது மிகப் பொருத்தம். இயற்கை இயலின் இறுதியில் தொகைநிலைத் தொடர் ஏன் வருகின்றது என்பதற்கு வரிசையன்றி வேறு காரணம் இல்லை. எனினும் முல்லைப்பாட்டின் அடிகளிலிருந்தே வினைத்தொகையையும் பண்புத்தொகையையும் எடுத்துக்காட்டும் ஆசிரியர்க்கு இஃது ஓர் இடையூறன்று.

இவ்வியலமைப்பு வகுப்பறையில் என்னவாகின்றது? பல பள்ளிகளில் அது மீண்டும் நான்காகப் பிரிக்கப்படுகின்றது. செய்யுள் ஒரு கிழமை, இலக்கணம் ஒரு கிழமை, துணைப்பாடம் தேர்வு நெருங்கும்போது. கோனார் உரையும் அதன் வழிவந்த பிற உரைகளும் வினாவகை நோக்கியே பாடத்தைப் பகுத்துக் காட்டுவன. மாணவன் கையில் முதலில் விரிவதும் அவையே. நூல் இணைத்ததை வினாத்தாள் பிரிக்குமாயின் ஆசிரியர் வினாத்தாளின் பக்கமே நிற்பார். இதற்காக அவரைக் குறை கூறுதல் முறையன்று. அவர் அளக்கப்படுவது தேர்ச்சி விழுக்காட்டினால்.

மொழிப்பாடத்தின் இரு தாள்களும் ஒன்றாக்கப்பட்டதும் இக்காலத்தேதான். மேனிலை வகுப்புகளில் 2018-19 முதலும், பத்தாம் வகுப்பில் 2019-20 முதலும் ஒரே தாள் விதிக்கப்பட்டது. நோய்த்தொற்றினால் 2020, 2021ஆம் ஆண்டுப் பத்தாம் வகுப்புத் தேர்வுகள் நடைபெறாமையின், அவ்வகுப்பில் ஒற்றைத்தாள் தேர்வு முதன்முதல் எழுதப்பட்டது 2022 மே திங்களில். முன்னர்க் கட்டுரை, கடிதம், மொழிப்பயிற்சி, துணைப்பாடம் என்பன பெரும்பான்மையும் இரண்டாம் தாளுக்கு உரியனவாய் இருந்தன. இப்போது அவை செய்யுளோடும் உரைநடையோடும் ஒரே நூறு மதிப்பெண்ணைப் பங்கிட்டுக்கொள்கின்றன. திருத்துவோர்க்கும் எழுதுவோர்க்கும் சுமை குறைந்தது உண்மை. இரண்டாம் தாளின் கட்டுரைகளும் உருப்போட்டு எழுதப்பட்டவையே. அதன் மறைவால் இழப்பு யாது எனச் சிலர் வினவுவர். வினா வலியுடையதே. ஆயினும் மாணவன் தன் சொல்லில் தானே தொடர் அமைப்பதற்கென்று ஒரு தனிப்பொழுது பள்ளியின் காலஅட்டவணையில் அத்தாளினால் நிலைபெற்றிருந்தது. தாள் போயினமையின் அப்பொழுதிற்குக் காவல் இல்லை. கட்டுரைப் பயிற்சி ஏடுகளைப் பார்த்த தமிழாசிரியர் பலர் இதனை நம்மிடம் கூறியுள்ளனர்.

மீண்டும் இரண்டு தாள் வேண்டும் என்பது நம் கோரிக்கையன்று. இருக்கும் ஒரு தாளில், ஓர் இயலின் இரு பாடங்களை ஒருங்கு வைத்து மாணவனை எழுதச்செய்யும் நெடுவினா ஒன்று ஆண்டுதோறும் கட்டாயமாக இடம்பெறல் வேண்டும். பாரதியாரின் காற்றும் சிங்காரத்தின் புயலும் எவ்வாறு வேறுபடுகின்றன என்பது போன்ற வினா அது. எந்த உரைநூலும் அதற்கு முழுவிடையை முன்கூட்டி அச்சிட இயலாதவாறு ஆண்டுதோறும் இயலும் இணையும் மாற்றப்படல் வேண்டும். அவ்வகை வினாக்களை ஆக்குவதில் பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகளுக்கும் பங்கு உண்டு. வினாத்தாள் ஆக்குவோர்க்குத் துணையாகும் மாதிரி வினாத்தொகுதி ஒன்றை நம் துறையினர் இவ்வாண்டே தொடங்கலாம். இயற்கை இயலிலிருந்து தொடங்குதல் எளிது.