கரூர் கொசுவலை, உகாண்டா ஆய்வு, மாற்றுச் சிறுநீரகம்

"கொசுவலைத் துணியில் ஹெர்னியா ஆபரேஷன்" என்ற செய்தி எங்க ஊர் வாட்ஸ்அப் குழுக்களில் அடிக்கடி சுற்றி வருகிறது. திருப்பூர்க்காரங்களுக்கு அது பிடித்துப்போவதில் ஆச்சரியம் இல்லை. துணி நம்ம சமாச்சாரம். ஆய்வில் பயன்பட்ட வலையும் பக்கத்துக் கரூரில் தயாரானது.

மூலக் கட்டுரை 2016இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்தது. நல்ல கட்டுரை. கிழக்கு உகாண்டாவில் 302 ஆண்கள். பாதிப் பேருக்குக் கம்பெனி மெஷ், மீதிப் பேருக்குக் கொசுவலை. ஒரு வருஷம் கழித்து, கொசுவலைப் பக்கம் ஒருவருக்கு மட்டும் குடலிறக்கம் திரும்பியிருந்தது. அந்தப் பக்கம் யாருக்கும் இல்லை. சின்னதும் பெரிதுமாகச் சிக்கல்கள் இரண்டு பக்கமும் 30 சதவீதத்தை ஒட்டியே. விலை மட்டும் ஒரு டாலருக்கும் நூறு டாலருக்கு மேலும். இதற்கு வெகுமுன்பே மகாராஷ்டிராவின் தோண்டாயிச்சாவில் டாக்டர் தோங்காவ்ங்கர் இதைச் செய்து, 2003இல் இந்தியன் ஜர்னல் ஆஃப் சர்ஜரியில் எழுதிவிட்டார். ஃபார்வர்டுகளில் அவர் பெயர் வருவதே இல்லை.

இது வேலை செய்வதன் காரணம் பனியன் கம்பெனியில் நின்றவருக்குச் சுலபமாகப் புரியும். அறுவை மெஷ் பெரும்பாலும் வார்ப் நிட்டிங். நம்ம சிங்கிள் ஜெர்சி மாதிரி வெட்டின இடத்திலிருந்து கண்ணி கண்ணியாக ஓடாது. டாக்டர் கத்தரியால் வேண்டிய அளவுக்கு வெட்டிக்கொள்ளலாம். ஜிஎஸ்எம் குறைவாக இருந்தால் உடம்புக்குள் அந்நியப் பொருளும் குறைவு. முக்கியமானது ஓட்டையின் அளவு. சுமார் 10 மைக்ரானுக்குக் கீழே என்றால் பாக்டீரியா ஒளிந்துகொள்ளும், அதை விழுங்க வரும் வெள்ளணு நுழைய முடியாது. கொசுவலையின் ஓட்டை மில்லிமீட்டர் கணக்கு. வெள்ளணு தாராளமாகப் போய்வரும்.

அங்கேதான் எனக்கு இடிக்கிறது. அந்த வெள்ளணுவையே மருந்து கொடுத்து அடக்கி வைத்திருப்பவர்கள் இருக்கிறார்களே?

மாற்றுச் சிறுநீரகம் வைத்துக்கொண்ட கட்டிங் மாஸ்டர் ஒருவர், தையல் போட்ட இடத்தில் வீக்கத்தோடு, "நூறு ரூபா வலைக்கு எதுக்குங்க இவ்வளவு பில்லு?" என்று கேட்டார். நியாயமான கேள்வி, ஆனால் உகாண்டா ஆய்வு அதற்குப் பதில் இல்லை. அங்கே சேர்த்தது தொடையிடுக்கு ஹெர்னியா, அதாவது இயற்கையிலேயே பலவீனமான இடம். இவருடையது வெட்டித் தைத்த தசை பிரிந்தது. புதுச் சிறுநீரகத்தை அடிவயிற்றின் ஒரு பக்கம், இடுப்பெலும்பை ஒட்டி வைக்கிறார்கள். அதனால் மெஷ்ஷைப் பிடித்துத் தைக்க எலும்புப் பக்கம் தசை போதாது. அடியிலேயே சிறுநீரகமும் அதன் குழாயும். ஸ்டீராய்டு காயம் ஆறுவதை மெதுவாக்கும், சிரோலிமஸ் இன்னும் மோசம். ஆபரேஷனுக்கு முன்னால் அதை நிறுத்தி டாக்ரோலிமஸுக்கு மாற்றுவதும் உண்டு. மெஷ்ஷில் சீழ் பிடித்தால், சிறுநீரகத்துக்கு மேலிருந்து அதைப் பிய்த்து எடுக்க நேரலாம். அந்த நிலையில் மெஷ்ஷின் விலை பில்லில் ஒரு வரி, அவ்வளவுதான்.

குறையை ஃபார்வர்டு போடுபவர்கள் மேல் மட்டும் சொல்ல மாட்டேன். மாற்றுச் சிறுநீரகக்காரர்களைப் பற்றிய கட்டுரைகளில் இந்த ஹெர்னியா 1 சதவீதம் என்றும் இருக்கிறது, 18 சதவீதம் என்றும் இருக்கிறது. பல ஆய்வுகள் ஒரே ஆஸ்பத்திரியின் பழைய ஃபைல்களைப் புரட்டியவை. ஸ்கேன் எடுத்துத் தேடினவர்களுக்கு நிறையக் கிடைக்கும், நோயாளி தானாக வந்து சொன்னதை எண்ணினவர்களுக்குக் குறைவு. லாகிங் லெவலை மாற்றிவிட்டு எரர் எண்ணிக்கையை ஒப்பிடுகிற கதை. நான் படித்தவற்றில், திரும்ப வந்ததா, சீழ் பிடித்ததா என்றுதான் முக்கியமாக எண்ணுகிறார்கள். இருபது கிலோவுக்குக் குறையாத துணி ரோலை அவர் எத்தனை மாதம் கழித்துத் தூக்கலாம், தூக்கவே கூடாதா என்பதற்கு ஒரு வரி கிடைக்கவில்லை. கட்டிங் டேபிளில் நிற்கிறவருக்கு முதல் கேள்வியே அதுதான்.