நிரபராதிக்காக அழுவது எளிது

தூக்குத் தண்டனை கூடாது என்று சொல்லிப் பாருங்கள். எதிரில் இருப்பவர் யாராக இருந்தாலும் உடனே ஒரு கேள்வி வரும்: "உங்க வீட்டுப் பொண்ணுக்கு நடந்திருந்தா இப்படிப் பேசுவீங்களா?" விவாதம் பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும். பதில் தெரியாமல் நானும் பல தடவை டீ கிளாஸைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறேன்.

அடூர் கோபாலகிருஷ்ணனின் 'நிழல்குத்து' (2002) இந்தக் கேள்வியைத் தூக்குப் போடுகிறவரிடமே கேட்கிறது. 1940களின் திருவிதாங்கூர். ஆராச்சார் காளியப்பன் (ஒடுவில் உண்ணிகிருஷ்ணன்), ஒரு நிரபராதியைத் தூக்கிலிட்டுவிட்டோம் என்ற உறுத்தலில் குடித்துக் குடித்துக் கரைகிறார். ஊரோ, தூக்குக்கயிற்றை எரித்த சாம்பல் நோய் தீர்க்கும் என்று நம்பி அவர் வாசலுக்கு வருகிறது. மகாராஜா மன்னிப்பு வழங்குவார்; ஆனால் எல்லாம் முடிந்த பிறகுதான் அது சிறைக்கு வந்து சேரும். பாவம் அரண்மனைக்குப் போகாமல் ஆராச்சாரோடு நின்றுவிட இப்படி ஒரு ஏற்பாடு. கருணை மனுக்கள் வருடக்கணக்கில் கிடக்கும் நாட்டில் இருக்கிற நமக்கு இது புதிதாகத் தோன்றாது.

தூக்குக்கு முந்தைய இரவு ஆராச்சார் தூங்கக் கூடாது. அவரை விழித்திருக்க வைக்க, சாராயத்தை ஊற்றிக் கொடுத்துக் கதை சொல்கிறார் ஒரு வார்டர். அக்கா கணவனால் வல்லுறவுக்கு ஆளாகிக் கொல்லப்பட்ட ஒரு சின்னப் பெண்ணின் கதை. கேட்கக் கேட்க அந்தப் பெண்ணிடத்தில் தன் இளைய மகளைப் பார்க்கிறார் காளியப்பன். "உங்க வீட்டுப் பொண்ணு" கேள்வி அப்படியே வந்து நிற்கிறது. ஆனால் பழி விழுவது புல்லாங்குழல் வாசிக்கும் ஒரு அப்பாவிப் பையன்மேல். விடிந்தால் தூக்கில் ஏறப்போவது அவன்தான். காளியப்பன் சுருண்டு விழ, காந்தியவாதியான மகன் முத்து அந்த வேலையைச் செய்ய வேண்டியதாகிறது.

அருமையான படம்தான். ஆனாலும் கேள்வியைக் கேட்டுவிட்டு அடூர் பாதியில் நழுவிவிடுகிறார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஏறப்போகிறவன் நிரபராதி என்று தெரிந்தால் யாருக்குத்தான் கை வரும்? மேடையில் அந்த அக்கா கணவன் நின்றிருந்தால் காளியப்பன் என்ன செய்திருப்பார்?

போலந்து இயக்குநர் கீஸ்லோவ்ஸ்கியின் 'எ ஷார்ட் ஃபிலிம் அபௌட் கில்லிங்' (1988) இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. யாசெக் என்ற இளைஞன் முன்பின் தெரியாத டாக்ஸி டிரைவரைக் கயிற்றால் இறுக்கி, கடைசியில் கல்லால் அடித்துக் கொல்கிறான். சீக்கிரம் முடியாதா என்று நாம் நெளிகிற அளவுக்கு அது நீள்கிறது. குற்றவாளி அவன்தான், அதில் சந்தேகமே இல்லை. இறந்துபோன தங்கையைப் பற்றி வக்கீலிடம் அவன் பேசுகிறபோது நமக்கு மனசு இளகலாம். செய்த கொலை அதனால் சிறிதாகிவிடுவதில்லை. பிறகு அரசாங்கம் அவனைக் கொல்கிறது. தொங்கும் உடலிலிருந்து வெளியேறும் கழிவுக்காக, ஒரு பிளாஸ்டிக் தட்டை முன்கூட்டியே அடியில் வைக்கிறார்கள். வைக்கிறவருக்கு அது அன்றைய வேலை, அவ்வளவுதான். அந்தத் தட்டை என்னால் மறக்க முடியவில்லை.

நம் ஊருக்கு வருவோம். 2011ல் பேரறிவாளன், முருகன், சாந்தன் மூவருக்கும் தூக்குத் தேதி குறித்தபோது தமிழ்நாடு கொதித்தது. காஞ்சிபுரத்தில் செங்கொடி தீக்குளித்து உயிர்விட்டார். பேரறிவாளனின் வாக்குமூலத்தை முழுமையாகப் பதிவு செய்யவில்லை என்று, பதிவு செய்த அதிகாரியே 2013ல் சொன்னார். 2014ல் மூவரின் தூக்கும் ஆயுள் தண்டனையானது. 2022ல் பேரறிவாளன் விடுதலையானார். குறித்த தேதியில் காரியம் முடிந்திருந்தால் அந்த அதிகாரி சொன்னது யாருக்கு உதவியிருக்கும்? ஆக, நிரபராதி வாதம் பொய்யில்லை. ஆனால் அது பாதி தூரம்தான் வரும். 2020 மார்ச்சில் டெல்லி வழக்கின் நால்வரைத் திகாரில் தூக்கிலிட்ட காலையில், 2011ல் என்னோடு தெருவில் நின்ற நண்பர்களே "நல்லதாப் போச்சு" என்றார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. நிரபராதிக்காக மட்டுமே பேசிப் பழகியவனுக்கு அன்றைக்குச் சொல்ல எதுவும் இருக்கவில்லை.

இப்போது அந்தக் கேள்விக்கு எனக்கு ஒரு பதில் இருக்கிறது. ஆமாங்க, என் வீட்டுப் பெண்ணுக்கு நடந்திருந்தால் நானும் அவனைக் கொல்லத்தான் நினைப்பேன். அதனாலேயே அந்த முடிவு என்னிடம் இருக்கக் கூடாது. என் கோபத்துக்காக வேறொருவர் போய் அந்தத் தட்டை வைக்கவும் வேண்டாம்.