நாலு மீட்டர் வண்டி, எட்டடி இடவழி

கேரளத்துப் பாறசாலைக்கும் தமிழ்நாட்டுக் களியக்காவிளைக்கும் நடுவே, இஞ்சிவிளைப் பக்கம் தேசிய நெடுஞ்சாலை 66-ஐ விட்டு இறங்கினால் இரண்டே வளைவில் இடவழி தொடங்கிவிடும். இருபுறமும் வெட்டுக்கல் மதில், மதிலுக்கு மேலே ரப்பரும் மரச்சீனியும். எட்டடி அகலம் இருந்தால் அது நல்ல வழி. ஒரு காலத்தில் மாருதி 800 அலட்டாமல் போய்வந்த பாதை இது. அந்த வண்டியின் அகலம் 1,440 மில்லிமீட்டர்தான். இன்று அதே வீடுகளில் அடுத்த வண்டி என்று பேச்செடுத்தால் காம்பாக்ட் எஸ்யூவியைத் தவிர வேறு பெயர் வருவதில்லை.

"வழி சின்னது, அப்போ சின்ன எஸ்யூவி போதும்" என்று முடிவு செய்துகொண்டுதான் ஷோரூமுக்குப் போகிறார்கள். கணக்கு அங்கேதான் பிசகுகிறது.

மஹிந்திரா எக்ஸ்யூவி 3எக்ஸ்ஓவின் நீளம் 3,990 மி.மீ., ஹூண்டாய் கிரெட்டாவுக்கு 4,330. பார்த்தால் ஓரடிக்கு மேல் வித்தியாசம். அகலத்தைப் பாருங்கள்: 'சின்ன' 3எக்ஸ்ஓ 1,821, 'பெரிய' கிரெட்டா 1,790. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் உள்ள இடைவெளியும் ஏறக்குறைய ஒன்றுதான், 2,600-க்கு 2,610. மதில் முனையில் வண்டியை ஒடித்துத் திருப்பும்போது தீர்மானிப்பது இந்த இரண்டு அளவும்தான். டாடா நெக்ஸானும் 1,804 மி.மீ. அகலத்தில் கிரெட்டாவை மிஞ்சுகிறது. மாருதி பிரெஸ்ஸாவும் கியா சோனெட்டும் கிரெட்டாவுக்குச் சரிசமம். ஸ்கோடா கைலாக், பெயர் வைத்தவர் காசர்கோட்டுக்காரர் என்று கேரளம் கொண்டாடிய வண்டி, 1,783. இவை எதிலும் பக்கக் கண்ணாடிகள் சேர்த்தி இல்லை. அவற்றையும் சேர்த்தால் எல்லாமே இரண்டு மீட்டரைத் தொட்டுவிடும். எட்டடி என்பது 2.44 மீட்டர்.

இந்தக் கூத்துக்கு விதை விழுந்தது 2006-ல். ப. சிதம்பரம் தன் பட்ஜெட்டில் சிறிய கார்களுக்குக் கலால் வரியைக் குறைத்தபோது சிறியது எது என்பதற்கு மூன்று எல்லை வைத்தார்: நீளம் 4 மீட்டர், பெட்ரோல் என்றால் 1,200 சிசி, டீசல் என்றால் 1,500 சிசி. அகலத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நிறுவனங்கள் விடுமா? நீளத்தை 3,995-ல் நிறுத்திவிட்டு பக்கவாட்டில் ஊதின. 2025 செப்டம்பர் 22 முதல் நடப்பில் உள்ள ஜிஎஸ்டியும் அதே கோட்டைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறது. உள்ளே இருந்தால் 18 சதவீதம், வெளியே போனால் 40.

இதில் பாவப்பட்ட வண்டி பிரெஸ்ஸா. 2016-ல் வந்தபோது 1,248 சிசி டீசல், சட்டப்படி சின்னக் கார். 2020-ல் டீசலைக் கைவிட்டு 1,462 சிசி பெட்ரோலுக்கு மாறியதும் அந்தத் தகுதி போயிற்று. நாலு மீட்டருக்குள் நின்றும் 40 சதவீதம் கட்டுகிறது. அதைவிட அகலமான 3எக்ஸ்ஓ 18-ல் தப்பிவிடுகிறது.

பாறசாலையை அடுத்த ஒரு வீட்டில் சில வாரமாக நிற்பது இந்த பிரெஸ்ஸாதான். வீட்டுக்காரருக்குக் களியக்காவிளையில் கடை, மனைவிக்கு நெய்யாற்றின்கரையில் வேலை. மைலேஜ், சன்ரூஃப் எல்லாம் யூடியூபில் பார்த்ததுதான். அவர் எதிர்பாராத சுகம் வேறு: பானெட் தட்டையாக, சதுரமாக இருப்பதால் ஓட்டும் இடத்திலிருந்தே அதன் இரண்டு முனையும் தெரிகிறது. மதிலுக்கு எவ்வளவு இடம் இருக்கிறது என்று ஊகிக்க வேண்டியதில்லை.

எரிச்சலும் உண்டு. இது பிரெஸ்ஸாவுக்கு மட்டும் உரியதல்ல, 360 டிகிரி கேமராவை விற்கும் எல்லா நிறுவனங்களுக்கும் சேர்த்துச் சொல்ல வேண்டியது. பக்கவாட்டுக் கேமராக்கள் இருப்பது கண்ணாடிகளின் அடியில். எதிரே ஆட்டோ வந்ததும் பின்சீட்டிலிருந்து அம்மா, "மக்கா, கண்ணாடிய மடக்கு, மதில்ல உரசும்" என்பார். மடக்கினால் கேமராவும் சேர்ந்து மடங்கிக்கொள்ளும். திரையில் தெரிவது சொந்த வண்டியின் கதவு. மிக நெருக்கமான இடத்தில்தான் கேமரா தேவை, அந்த இடத்தில்தான் அது கண்ணை மூடுகிறது. இதற்காக டாப் வேரியண்ட்டுக்குக் கொடுத்த காசை நினைத்தால் வயிறு எரியும். மழை பெய்து செம்மண் சேறு லென்ஸில் அப்பிவிட்டால் அதுவும் கிடையாது.

எல்லைக்காரர்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரையிலான வண்டிக்குக் கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் சாலை வரி 13 சதவீதம். அதைத் தாண்டி 15 லட்சம் வரை கேரளத்தில் 15, தமிழ்நாட்டில் 18. ஆக பாறசாலைப் பக்கத்து கேஎல் 19 முகவரிக்காரருக்கு, எல்லைக்கு அப்பால் டிஎன் 75-ல் இருக்கும் மைத்துனரைவிட இதில் லாபம்தான். பெட்ரோலுக்கு மட்டும் எல்லாரும் களியக்காவிளைக்குப் போவார்கள். அங்கே லிட்டருக்குச் சில ரூபாய் மிச்சம்.

வீடு மெயின் ரோட்டோரம் என்றால் 3எக்ஸ்ஓவை யோசிக்காமல் வாங்கலாம், அந்த விலைக்கு அவ்வளவு தாராளமான பின்சீட்டு அரிது. இடவழிக்காரர்கள் மாருதி ஃப்ரான்க்ஸைப் பார்ப்பது நல்லது: 1,765 மி.மீ. அகலம், 1,197 சிசி, 18 சதவீதம். அதையும் நெருக்கடியாக நினைப்பவர்களுக்கு 1,742-ல் டாடா பஞ்ச் இருக்கிறது. எஸ்யூவி என்ற கெத்து கொஞ்சம் குறையும், மதில் பக்கத்துக் கதவின் பெயின்ட் மிஞ்சும். எதுவானாலும் டெஸ்ட் டிரைவை நெடுஞ்சாலையில் முடித்துக்கொள்ள விடாதீர்கள். வண்டியை வீட்டு வாசல் வரை கொண்டுவரச் சொல்லுங்கள், பள்ளிக்கூடம் விடும் நேரமாகப் பார்த்து.